ஊறாத கரி

6 மே 2007, ஞாயிறு
தங்கை ஆவுடைத்தாயின் மாப்பிள்ளை குற்றாலலிங்கம் கட்டட வேலையை விட்டுவிட்டார். இங்கே, கேரளத்துக் கழக்கூட்டத்தில், ஒன்பது வருஷம் என் கொத்துக்குக் கலவை எடுத்துக் கொடுத்த கை. இப்போது சரசம்மாவின் முப்பது சென்ட் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்குப் பிடித்து, ஓணத்துக்கு வெண்டை போடப் போகிறாராம். “இது மட்டும் வெளஞ்சா இனிமே சட்டி தூக்க மாட்டேன் மச்சான்” என்கிறார்.
விவசாய வகுப்பில் சொன்னார்களாம், தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி மண்ணில் சேர்க்கச் சொல்லி. சாக்குச் சாக்காய்ச் சிரட்டை சுமந்து வந்தார்.
“என்ன மாப்ளே, செடிக்கெல்லாம் பல்லு வெளக்கி விடப் போறீரா?”
முகம் சிவந்தாலும் சிரித்துக்கொண்டார். மச்சான் கேலியைப் பொறுக்காமல் எங்கே போவார்?

13 மே
சாணிக் கரைசல், கோமியம், அதற்குள் கரி. பதினைந்து நாள் ஊற வேண்டுமாம். அந்த நாற்றத்தைக் காட்ட, கூட வேலை செய்கிற நாலு பேரைக் கூட்டிப் போனேன். “எங்க மாப்பிள்ளை கரிக்கு ஊறுகா போடுதாரு, பாருங்க!” வயிறு வலிக்கச் சிரித்தோம்.

17 மே
டீக்கடையில் ‘கரி மாப்பிள்ளை வாராரு’ என்று எல்லோரும் கத்தினார்கள். பெயர் வைத்தது நான்தான். இன்று நல்ல கூட்டம் வேறே. விடுவேனா?
“எதுக்குவே பதினஞ்சு நாளு? கரி என்ன முழுகாமயா இருக்கு? அப்படியே போடும். செடி போலீஸ்லயா புகார் குடுக்கப் போவுது?”
எல்லோரும் சிரித்தார்கள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

18 மே
ஊறப் போட்டிருந்த கொஞ்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, இன்னும் ஊறப் போடாமல் காய்ந்து கிடந்த ஏழு சாக்குக் கரியையும் அப்படியே மண்ணில் கொத்திவிட்டாராம். விதையும் போட்டாயிற்று. சொன்ன பேச்சைக் கேட்கிற மாப்பிள்ளை!

24 ஜூன்
வெண்டை முழங்காலுக்கு எழவில்லை. இலையெல்லாம் மஞ்சள். மழையினால் இருக்கும் என்றேன்.

1 ஜூலை
வகுப்பு எடுத்த சார் வந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். ஊறாத கரிக்கு அசுரப் பசியாம். மண்ணில் இருக்கிற உரத்தையெல்லாம் அது முதலில் இழுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்குமாம். “ஊற வைக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஏன் வைக்கல?” என்று கேட்டார்.
மாப்பிள்ளை, “அவசரப்பட்டுட்டேன் சார்” என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருக்கலாம் — ஏன் திட்டவில்லை?
வரும்போது ஆவுடை சொன்னாள்: “நீ சிரிக்க வச்சது போதும்ண்ணே.”

27 ஆகஸ்ட், திருவோணம்
சரசம்மா பாயசம் கொடுத்தனுப்பினாள். மாப்பிள்ளை அவள் நிலத்துப் பாட்டத்தை விட்டுவிட்டார்.

3 செப்டம்பர்
சாரத்தில் நின்று கைநீட்டினேன். கீழிருந்து கலவைச் சட்டி வந்தது. தூக்கித் தந்தவர் மாப்பிள்ளை. “இது போதுமா மச்சான்?” அவ்வளவுதான் பேச்சு. இன்று பூசின சுவர் கோணல்.

10 பிப்ரவரி 2008, ஞாயிறு
இப்போது அந்த நிலம் பாட்டத்துக்குப் பிரிஸில்லா என்பவளிடம். அந்தப் பக்கம் போன என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள். “உங்க மாப்பிள்ள இதுல என்னவாக்கும் போட்டது? மண்ணு என்னமா பொலபொலன்னு இருக்கு பாத்தேளா! ரெண்டு நாளைக்கு ஒருக்கத் தண்ணி விட்டாலே மதி, போதும்.” ஆள் உயரத்துக்கு வெண்டை, இலையெல்லாம் கரும்பச்சை. ஒரு மடி காய் பறித்துத் தந்தாள்.
மத்தியானம் ஆவுடை அதைக் குழம்பு வைத்தாள். எங்கே வாங்கினது என்று மாப்பிள்ளை கேட்டார். சொன்னேன்.
ஒரு காயை எடுத்து மென்றார்.
“மண்ணுக்குள்ளயே ஊறிருச்சு போல. இனி நூறு வருசம் ஆனாலும் அங்கதான் கெடக்கும் மச்சான், மக்கிப் போவாது. யாரு போட்டாலும் வெளையும்.”
நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று ஆவுடை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.