பழைய பைக்கை வாங்கப் போகிறேன்

என்னங்க,

எழுப்பினால் திரும்பவும் சண்டை வரும் என்று எழுப்பவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

மெக்கானிக் கடையில் நிற்கும் அந்தப் பழைய பைக்கை நான் வாங்கத்தான் போகிறேன். பஸ்ஸை நிறுத்தியதிலிருந்து வேலைக்கு நடந்தே போகிறேன். "இன்னொரு தடவை லேட்டானா, இனிமே வரவே வேணாம்மா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

பைக்கில் போன உங்கள் தம்பி திரும்பி வரவில்லை. அது எனக்கு மட்டும் மறந்துவிடுமா?

ஓட்ட இனிமேல்தான் பழக வேண்டும்; எனக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்றுகூடத் தெரியாது. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் கடைக்கு வந்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கிளம்பும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

பி.கு.: தம்பி அன்றைக்குப் போடாமல் போன ஹெல்மெட் பரண் மேல் இருக்கிறது. எடுத்து வாருங்கள். நான் ஏறிப் பார்த்தேன், கைக்கு எட்டியும் தொட முடியவில்லை.