பச்சை வயரும் பாஸ் கிற்றாரும்

செப்டெம்பர் 7, சனி

தர்சினி வந்தாள். இவளின் அக்கா, என் மனிசி நிலாந்தினி, செத்துப் போன பிறகு அவளுடைய வீட்டிலிருந்து ஒருவர் இந்தப் படலையைத் திறப்பது இது மூன்றாவது தரம்.

பாஸ் கிற்றார் வாங்க வேணுமாம். சத்தத்தைப் பெருக்கும் அம்ப்ளிபயரும், அம்ப் என்கிறாள், வேணுமாம். ஐந்து பெண்கள் சேர்ந்து நடத்தும் இசைக்குழு. பாஸ் வாசித்தவள் கலியாணம் கட்டி லண்டன் போகும்போது கிற்றாரையும் கொண்டு போய்விட்டாள். இவள் அவளிடம் ஆறு மாதம் பழகியிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"கடைக்காரர் என்னை ஏமாத்திப்போடுவினம் அத்தான். உள்ளுக்குள்ள என்ன கிடக்கெண்டு உங்களுக்குத்தானே தெரியும்."

ஓம் என்றேன். அவள் போன பிறகுதான் யோசித்தேன். ஏன் என்னிடம் வந்தாள்? நான் சாப்பிடுகிறேனா, குடிக்கிறேனா என்று பார்த்து வர மாமி அனுப்பினாவோ? குசினிப் பக்கம் இரண்டு தரம் எட்டிப் பார்த்தவள்.

செப்டெம்பர் 8

பாஸ் கிற்றாரின் நாலு கம்பியும் உள்ளுக்குள் எர்த்தோடு, நிலத்துக்குப் போகும் பச்சை வயரோடு, சேர்ந்திருக்கும். வாசிக்கிறவளின் விரல் முழுநேரமும் கம்பியில். அம்பில் கறண்ட் ஒழுகினால், அது நிலத்துக்குப் போக எர்த்தும் இல்லாவிட்டால், மைக்கில் வாய் பட்டால் போதும், ஆளுக்குள்ளால் பாயும்.

எழும்பிப் போய் வோல்ற் பார்க்கும் மீற்றருக்குப் புதுப் பற்றரி போட்டேன்.

செப்டெம்பர் 14, சனி

யாழ்ப்பாணம். மூன்று கடை. தர்சினியோடு அவளுடைய குழுவில் ட்ரம்ஸ் அடிக்கும் கிறிஸ்ரினாவும் வந்தாள். அல்லைப்பிட்டிப் பிள்ளை, வாய் மூடாது.

முதற் கடையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய அம்ப். இரண்டு கால் பிளக்.

"இதுக்கு எர்த் எங்கை?"

"ஜப்பான் சாமானுக்கு எர்த் தேவையில்லை அண்ணை."

"ஜப்பான்காரனுக்குக் கறண்ட் அடிக்காதோ?"

கடைக்காரர் கிறிஸ்ரினாவைப் பார்த்து, "இவர் கறண்ட் கந்தோரோ?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்லை, பொலிஸ்" என்றாள் அவள். அதன் பிறகு அவர் எனக்குக் கதிரை தந்தார்.

மீற்றரை வைத்தேன். அம்பின் உடம்பில் அறுபத்திரண்டு வோல்ற். "இது சும்மா காட்டுறது" என்கிறார். சும்மா எப்படிக் காட்டும்?

இரண்டாவது கடையில் காட்டுவது ஒன்று, பெட்டிக்குள் வைத்துத் தருவது வேறொன்று என்று எனக்குச் சந்தேகம். நம்பரைக் குறித்தேன். மூன்றாவது கடைக்காரர் தர்சினியிடம், "பெம்பிளைப் பிள்ளைக்கு இது பாரம் தங்கச்சி, சின்னக் கிற்றாரா எடுங்கோவன்" என்றார். அவள் கிற்றாரைத் தோளில் மாட்டி ஒரே ஒரு அடி அடித்தாள்.

என் நெஞ்சுக்குள் இடித்தது. எட்டு மாதத்தில் உள்ளே போய்த் தட்டிய முதற் சாமான் அதுதான்.

ஒன்றும் வாங்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் கிறிஸ்ரினா சொன்னாள், அவர்களின் முதல் நிகழ்ச்சி மடத்துவெளியில், கார்த்திகையில், வெளி மேடை. "சவுண்ட் எல்லாம் சுலக்சன் அண்ணைதான்."



செப்டெம்பர் 15

சுலக்சன். இறுப்பிட்டிக்காரன். தொழில்நுட்பக் கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படித்தவன்.

தை மாதம் நான் நெடுந்தீவில் சோலர் பூட்ட நின்றபோது கிணற்று மோட்டர் எரிந்தது. நிலாந்தினி அவனைக் கூப்பிட்டாள். அவன் கொயில் சுற்றிப் பூட்டிக் கொடுத்தான். இரண்டு கிழமைக்குப் பிறகு, காலையில், ஈரக் கையோடு மோட்டரைத் தொட்டாள். நான் அப்போதும் நெடுந்தீவில்.

பொலிஸ் வந்து மோட்டரைப் பார்த்தது. ஊர் அதிகாரி விதானையும் பார்த்தார். விபத்து என்று எழுதினார்கள். ஆனால் அதைக் கடைசியாகத் தொட்ட கை எவனுடையது என்று எனக்குத் தெரியும். செத்தவீட்டுக்கு வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. குற்றம் இல்லாதவன் ஏன் நிலத்தைப் பார்க்க வேணும்?

இனி அவனுடைய வயரில் தர்சினி நிற்கப் போகிறாள்.

செப்டெம்பர் 25

தர்சினியின் போனில் சுலக்சனின் நம்பர். "எந்த அம்ப் நல்லதெண்டு கேட்டனான்" என்கிறாள். அதுக்கு நான் இருக்கிறேனே. வேறேதும் இருக்குமோ?

ஒக்ரோபர் 5, சனி

கஸ்தூரியார் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் சின்னக் கடை. கிழவர் ஒருவர். கறுப்பு அம்ப், மூன்று கால் பிளக், உள்ளே சுத்தம். உடம்பில் வோல்ற் இல்லை. குறை பிடிக்க ஒன்றும் கிடைக்காதது எனக்குக் கோபமாக இருந்தது.

தர்சினி கடையிலிருந்த பாஸ் கிற்றாரைச் செருகினாள். ம்ம்ம் என்று இரைச்சல்.

"உதுக்கு வழி இருக்குத் தம்பி" என்றார் கிழவர். பிளக்கைக் கழற்றி, பச்சை வயரை வெளியே இழுத்துவிட்டு, மூடிச் செருகினார். இரைச்சல் நின்றுவிட்டது.

"பாத்தியளே? எர்த்தைக் கழட்டிவிட்டாச் சரி. எல்லாரும் உப்பிடித்தான்."

நான் அந்தப் பச்சை வயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.  "அத்தான், ஏன் முகம் உப்பிடி?" என்று தர்சினி கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

ஒக்ரோபர் 6

வீட்டு மெயின் போர்ட்டைத் திறக்கவில்லை.

ஒக்ரோபர் 7

திறக்கவில்லை.

ஒக்ரோபர் 9, புதன்

திறந்தனான்.

மார்கழியில நிலாந்தினி நோர்வேப் பிள்ளையளுக்கு லப்ரொப்பில பாட்டு வகுப்பு எடுக்கேக்குள்ள மைக்கில இரைச்சல். "ரீச்சர், உங்கடை வீட்டில வண்டு இருக்கோ?" எண்டு ஒரு குட்டி கேட்டதாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவள். நான் போர்ட்டைத் திறந்து அந்த லைனின்ர எர்த்தைக் கழட்டி மடிச்சு விட்டனான். வண்டு போச்சு. "உம்மை மாதிரி ஆள் ஊரில இல்லையப்பா" எண்டவள்.

அறைப் பிளக்குக்கும் கிணத்தடிப் பிளக்குக்கும் அதே எர்த் வயர்தான். அது எனக்குத் தெரியும். நான்தானே இழுத்தனான். பழைய வீடு, ஒழுகினா உடனே கறண்டை நிப்பாட்டுற ட்ரிப் சுவிச்சும் இல்லை. நெடுந்தீவு வேலை முடியட்டும், எல்லாத்தையும் ஒழுங்காச் செய்வம் எண்டு விட்டனான்.

பச்சை வயர் மடிஞ்சபடி கிடந்தது. மேல சுத்தி ஒட்டின கறுப்பு ரேப். ரேப்பின்ர நுனி உள்ளுக்கு மடிச்சிருந்தது, பிறகு உரிக்கச் சுகமா. அப்பிடி மடிக்கிறது நான் மட்டும்தான். கல்லூரியில சுலக்சன் பகிடி பண்ணுறவன், "மச்சான் மிட்டாய் சுத்துறான்" எண்டு.

மோட்டர் எண்டால் ஒருநாள் ஒழுகத்தான் செய்யும். அதுக்குத்தானே எர்த்.

எட்டு மாசம் மறந்தனானோ? இல்லாட்டி மறந்த மாதிரி இருந்தனானோ?

ஒக்ரோபர் 12, சனி

இறுப்பிட்டிக்குப் போனேன். சுலக்சன் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். பிரஷைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான், பெயின்ற் அவனுடைய காலில் சொட்டியது.

"அண்டைக்குப் பிறகு நான் மோட்டர் தொடேல்லை மச்சான். எர்த் இருக்கோ எண்டு மீற்றர் வைச்சுப் பாத்திருக்கோணும். உன்ர வீடுதானே, சரியாத்தான் இருக்கும் எண்டு விட்டிட்டன்."



ஒக்ரோபர் 13

மாமிக்கும் தர்சினிக்கும் சொன்னேன். மாமி தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனா. திரும்பி வரவில்லை. தர்சினி படலைவரை வந்தாள், எனக்குப் பின்னால் கொளுக்கியைப் போட்டாள்.

ஒக்ரோபர் 20

ஒருவரும் போன் எடுத்துக் கதைக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. போர்ட்டில் எர்த்தைப் பூட்டினேன். ட்ரிப் சுவிச்சும் பூட்டினேன். யாருக்கு?

ஒக்ரோபர் 24

தர்சினியிடமிருந்து மெசேஜ். "சனிக்கிழமை அந்தக் கிழவரின்ர கடைக்கு வாங்கோ. மீற்றரையும் கொண்டு வாங்கோ."

இதில் என்ன இருக்கிறது? மாமிக்குத் தெரியுமோ?

ஒக்ரோபர் 26, சனி

அவள் எனக்கு முதலே வந்து கடை வாசலில் நின்றாள்.

"எனக்கு உங்களை நம்பேலாது அத்தான்" என்றாள். "ஆனா மீற்றரை எனக்குக் காட்டுங்கோ. நம்பரை நான் பாப்பன்."

பார்த்தாள். ஒவ்வொரு கம்பிக்கும், அம்பின் உடம்புக்கும், கிற்றாரின் இரும்புக்கும் எனக்குச் சொல்லிச் சொல்லி வைக்கச் செய்தாள். கிழவர் கழற்றிய பச்சை வயரை என் கையால் திரும்பப் பூட்ட வைத்தாள். இரைச்சல் திரும்பி வந்தது. "உது இரையும் பிள்ளை" என்றார் கிழவர். "இரையட்டும் ஐயா" என்றாள்.

நாலு கம்பியிலும் சைபர். அம்பையும் கிற்றாரையும் வாங்கினோம். அம்பைப் பஸ்ஸில் என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவள் முன் சீற்றில் இருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 9, சனி

காலையிலிருந்து மழை. மேடைக்குப் பின்னால் நானும் சுலக்சனும் எர்த்துக்கு ஆறடிக் கம்பியை நிலத்தில் அடித்து இறக்கினோம். உப்புத் தண்ணி ஊற்றினோம். அவன் வயரைப் பூட்ட நான் மீற்றர் வைத்தேன், நான் பூட்ட அவன் வைத்தான். ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அது நல்லதுதான்.

மழை விட்டதும் சனம் வந்து கதிரைகளைத் துடைத்து இருந்தது. மாமியும் வந்திருந்தா, கடைசி வரிசையில். என்னைப் பார்த்தாவோ தெரியாது.

மேடைக்கு ஏறி என் இரண்டு கையையும் வாளித் தண்ணியில் நனைத்தேன். ஒரு கை கிற்றார்க் கம்பியில், ஒரு கை மைக்கில். கிறிஸ்ரினா, "ஐயோ அண்ணை, பாட்டும் நீங்களோ பாடப்போறியள்?" என்றாள். முன்வரிசை சிரித்தது. நான் அப்படியே நின்றேன். நூறுவரை எண்ணினேன்.

தர்சினி பக்கத்தில் வந்தாள்.

"தொடட்டோ, அத்தான்?"

"ஓம். தொடு."

தொட்டாள்.

அம்ப் இரைந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு பாட்டு முடிய விழாக் குழுவிலிருந்து ஒருவர் ஓடிவந்து, "தம்பி, அந்த வண்டுச் சத்தத்தை நிப்பாட்டேலாதோ?" என்று கேட்டார்.

ஏலாது என்றேன். அது அப்பிடியே இரையட்டும் என்றேன்.