குறுக்குக் காற்றுக்கு ஒரு சைக்கிள்

பங்குனி 4, செவ்வாய்

விடியப் பனி, பத்து மணிக்கே புழுக்கம். பிரதேச செயலகக் கந்தோரில் மின்விசிறி சுற்றவில்லை.

முப்போட்டி அறிவித்தல் ஒட்டியாயிற்று. ஒட்டினது நான்தான். கடலில் நீச்சல், பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம். முல்லைத்தீவுக் கடற்கரையில் தொடக்கம். சைக்கிளில் வட்டுவாகல் பாலம் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். 30ஆம் திகதி ஞாயிறு, காலை 6.00. ஆண், பெண் எல்லாரும் ஒன்றாக.

பெயர்ப் பட்டியல் தட்டச்சு செய்யும்போது ஏழாவது பெயர் ஜெனோ. விரல் நின்றுவிட்டது.

போன வருடம் எனக்கு மோதிரம் போட்டவன். "நீர் அரைக்காற்சட்டையோட சைக்கிள் ஓடித் திரியிறது எங்கட வீட்டுக்குச் சரிவராதாம், அம்மா சொல்லுறா" என்றவன். அந்தச் சொல்லுக்காக என் ஓட்டச் சைக்கிளை விற்றேன். விற்று மூன்றாம் மாதம் அந்த அம்மாவுக்கு வேறு என்னவோ சரிவரவில்லை. மோதிரம் திரும்பிப் போனது. சைக்கிள் திரும்பி வரவில்லை.

இப்போது ஐயா அரைக்காற்சட்டை போட்டு முப்போட்டிக்கு வருகிறாராம்.

எட்டாவதாக என் பெயரை அடித்தேன்.

பங்குனி 6, வியாழன்

அரிசி முடிந்தது. தலையிடி.

பக்கத்து மேசை லீலா அக்கா கொண்டுவந்த கதை: "உவன் ஜெனோவுக்கு மாமன் சுவிஸில இருந்து முப்போட்டிக்கெண்டே செய்த ட்ரையத்லன் சைக்கிள் அனுப்பியிருக்கிறாராம். பிளேன் மாதிரி இருக்காம் பிள்ளை. விடிய அஞ்சு மணிக்கு ஓடிப் பழகுறான்."

எனக்கு மாமனும் இல்லை, சுவிஸும் இல்லை. கூறைச் சேலைக்கென்று அம்மா எடுத்துவைத்த காசு இருக்கிறது. அதுதான் சைக்கிள். முடிவு.

முதலிடம் வேண்டாம். அவன் என் முதுகைப் பார்க்க வேண்டும். அது போதும்.

பங்குனி 8, சனி

வவுனியா. பஸ்ஸில் புளியங்குளம் வரை நின்றபடி, பிறகுதான் இருக்க இடம்.

நஸீர் நானாவின் கடையில் பாவித்த பழைய சைக்கிள்கள். என் காசுக்குள் இரண்டு. ஒன்று ரோட் சைக்கிள் (ரோ.சை.), மற்றது ட்ரையத்லன் சைக்கிள் (ட்.சை.). இரண்டையும் ஓடிப் பார்த்தேன்.

ட்.சை.: முழங்கையை ஊன்றிக் குனிந்து படுத்து ஓடலாம். நேர் ரோட்டில் பறக்கிறது. சக்கரத்தில் கம்பி தெரியாது, சாப்பாட்டுத் தட்டு மாதிரி மூடின சில்லு. பக்கத்துக் காற்று பிடித்தால் ஆட்டும். படுத்து ஓடும்போது பிரேக் கைக்கு எட்டாது. காசு முழுக்க முடியும்.
ரோ.சை.: வளைந்த கைபிடி, பிடித்தபடியே பிரேக். காற்றுக்கு அசையாது. நேர் ரோட்டில் மற்றதைவிட மெதுவு. சப்பாத்துக்கும் காசு மிஞ்சும்.

நானா: "நேர் ரோட்டு, ஏற்றம் இறக்கம் இல்லை, விடிய காத்தும் இல்லை எண்டா ட்ரையத்லன்தான் தங்கச்சி. கண்ணை மூடிட்டு எடுங்க."

கண்ணை மூட முடியவில்லை. ஒரு கிழமை தவணை கேட்டு வந்தேன். ஆனால் மனம் முழுக்க ட்.சை. அவனுடைய ஆயுதத்தாலேயே அவனை அடிக்க ஆசை.

பங்குனி 9, ஞாயிறு

பூசை. பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பாலத்தில் காற்று எப்படி என்று கேட்டேன். "ஆறு மணிக்கோ? ஒண்டும் இராது, தண்ணி அசையாது. ஒன்பதரை பத்துக்குக் கடல்காத்து எழும்பும். பாலத்தில குறுக்கால அடிக்கும். ஆளையே தள்ளும் பிள்ளை."

போட்டி ஆறு மணிக்கு. அப்படியென்றால் ட்.சை.தான்.

பங்குனி 10, திங்கள்

பேய்ச்சி! மூளை எங்கே வைத்திருந்தேன்?

கந்தோரில் பழைய விழாக் கோவைகளை அடுக்கும்போது கண்ணில் பட்டது. எல்லா விழாவுக்கும் நிகழ்ச்சி நிரல் அடித்தவள் நான், அறிக்கை எழுதினவளும் நான்.

சிறுவர் விழா: அழைப்பிதழில் 8.00, தொடங்கியது 10.20.
மரநடுகை: 7.30, தொடங்கியது 9.45.
வீதி திறப்பு: 9.00, தொடங்கியது 11.30.

பிரதம விருந்தினர் வராமல் எங்கள் ஊரில் எது தொடங்கியிருக்கிறது? மாலை, மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை. ஆறு மணியாம் ஆறு மணி! பாலத்துக்கு நாங்கள் போகும்போது கடல்காற்று வந்து காத்திருக்கும்.

தனியாகச் சிரித்தேன். லீலா அக்கா காய்ச்சலோ என்று என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தா.

ரோ.சை.

பங்குனி 15, சனி

சைக்கிள் வந்துவிட்டது. சிவப்பு. கைபிடித் துணி கொஞ்சம் கிழிசல்.

அம்மா குசினிக்குள் இருந்தே: "கூறைக்கு வைச்ச காசில சைக்கிளோ?"
"கூறை ஒருநாள் கட்டுறது அம்மா. இது தினம் ஓடும்."
அம்மா சட்டியைச் சத்தமாக வைத்தா.

பங்குனி 19, புதன்

லீவு போட்டு, பத்து மணி வெயிலில் பாலத்தில் பழகினேன். எட்டுத் தரம். முதல் தரம் காற்று தள்ளி, பாலத்து ஓரக் கட்டோடு உரசி முழங்கால் தோல் போனது. இப்போது பிடிபட்டுவிட்டது. காற்றுப் பக்கம் கொஞ்சம் சரிய வேண்டும், கையை இறுக்கக் கூடாது.

தேத்தண்ணிக் கடையில் ஒருவர்: "உந்த வெயிலுக்க ஓடுறாள். மோதிரம் போனதில மூளையும் போயிட்டுது போல."

சொல்லுங்கள். நன்றாகச் சொல்லுங்கள்.

பங்குனி 23, ஞாயிறு

கோயில் வாசலில் ஜெனோ. என் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தான்.

"ரோட் சைக்கிளோ? காசு பத்தேல்லையோ?"
"ஓம். பத்தேல்லை."
"ஆறு மணிக்கு நேர் ரோட்டு. கஷ்டப்படப் போறீர்."

அவன் வீட்டார் கடை வைத்திருக்கிறவர்கள், கடல் தெரியாது. காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தவக்காலம். குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா? மாட்டேன்.

பங்குனி 29, சனி

சப்பாத்து காய்ந்தது. சில்லுக்குக் காற்று அடித்தாயிற்று. வாழைப்பழம் 4.

புனித அந்தோனியாரே, பிரதம விருந்தினரைப் பிந்தப் பண்ணும். மெழுகுதிரி பத்து.

பங்குனி 30, ஞாயிறு

கால் இரண்டும் மரக்கட்டை. ஆனால் எழுதாமல் படுக்கமாட்டேன்.

5.50க்கு மனிசன் வந்து நிற்கிறார்! பிரதம விருந்தினர்! வெள்ளை உடுப்பு, தலை ஈரம். கடல் அசையவில்லை, ஓர் இலை அசையவில்லை. அந்தோனியார் கைவிட்டார் என்று நினைத்தேன்.

பிறகு அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். நேரத்தோடு வந்தவர் நேரத்தின் அருமை பற்றியே பேசினார். விளையாட்டு, ஒழுக்கம், தன் பள்ளிக்கூடக் காலம், திரும்பவும் நேரம். பிறகு தலைவர் நன்றி. பிறகு விருந்தினருக்கு நன்றி சொன்னவருக்கு நன்றி. தண்ணீருக்குள் இறங்கும்போது 9.25. ஜெனோ கையில் கட்டின மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீச்சலில் நான் முன்னுக்கு. சைக்கிளில் நேர் ரோட்டில் விர்ரென்று தாண்டினான், திரும்பிக் கையும் காட்டினான். பிளேன்தான், பொய்யில்லை.

பாலம். காற்று குறுக்கே. அவன் முன்சில்லு ஒருக்கா கடல் பக்கம், ஒருக்கா களப்புப் பக்கம். பிரேக்கைத் தேடினான். இறங்கிவிட்டான். உருட்டத் தொடங்கினான்.

ஒரு வருடமாக ஒரு சொல் வைத்திருந்தேன், அவனைத் தாண்டும்போது சொல்ல. மூச்சு இல்லை. சொல்லாமலே போனேன். ஆனால் முதுகைப் பார்த்தான். முதுகில் எட்டாம் இலக்கம்.

முடிவு: இரண்டு பெடியங்களுக்குப் பிறகு மூன்றாவது. போகட்டும். அவன் பதினோராவது.

ஆனால் எழுத வந்தது இதல்ல. சைக்கிளை விட்டு ஓடத் தொடங்கும் இடத்தில் அவன் தாய் நின்றா. கையில் அவன் ஓட்டச் சப்பாத்து. தூரத்தில் என்னைக் கண்டு மகன் என்று நினைத்துக் கைதட்டினா. கிட்ட வந்ததும் தெரிந்தது. தட்டின கையை உடனே நிறுத்த முடியாமல் இன்னும் இரண்டு தட்டு.

அரைக்காற்சட்டையோடு முன்னால் நின்றேன். முழங்கால் காயம், உப்பு, வியர்வை.

"பிள்ளை, ஜெனோ எங்க?"

அந்தச் சொல்லுக்கு அப்போது மூச்சு வந்தது.

"பாலத்தில சைக்கிளை உருட்டிக்கொண்டு வாறார் மாமி. அவருக்குச் சரிவரேல்லை."