முதிரைத் தூள்

மச்சான்,

இன்று காலை பட்டறையில் ஒரு பழைய மேசையை உரஞ்சத் தொடங்கினேன். கால் மணி நேரத்துக்குள் இடது மணிக்கட்டு அரித்தது. மூக்குக்கு முந்தியே தோலுக்குத் தெரிந்துவிட்டது: முதிரை. உன்னுடைய வன்னிக் காட்டு மரம்.

மதியம் தேங்காயெண்ணெய் வாங்க லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்குப் போனேன். பெர்தொனே வீதியில் ஒரு கடைக் கண்ணாடியில் உன் முப்பத்தோராம் நாள் நினைவு அறிவித்தல் இன்னும் ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள், மருமக்கள், ஸ்தேன் நகர நண்பர்கள், கூட வேலை செய்தவர்கள் என்று ஒரு பட்டாளமே அதில் கண்ணீர் விட்டிருக்கிறது. சொன்னால் சிரிப்பாய், அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. என்னுடைய அறிவித்தலில் இத்தனை பெயர் வராது.

அந்தப் பொறாமைக்கு வயது அதிகம். பழைய தளபாடங்களைத் திருத்தும் இந்தப் பாரிஸ் பட்டறையில் நாம் இருவரும் ஒரே கிழமையில்தான் சேர்ந்தோம். நான் யாழ்ப்பாணத்தில் முறையாகத் தச்சுவேலை பழகியவன். நீ முல்லைத்தீவுப் பக்கம் மர லொறியில் திரிந்தவன். ஆனாலும் ‘பத்திரோன்’ என்று நாம் கூப்பிடும் முதலாளி நல்ல பலகை வந்தால் உன்னைத்தான் கூப்பிடுவார். உளி உன் கையில் வழுக்கிக்கொண்டு போகும், எனக்கு வயிறு எரியும். இருவரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை என்று அவர் சொன்ன பிறகு என் வேலையை விட்டு உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் திருத்துவதற்கு ஒரு பழைய பெட்டகம் வந்தது. மரம் மேற்கிந்தியத் தீவுகளுடையது என்றார் பத்திரோன். இல்லை, எங்கள் ஊர் மரம் என்றாய் நீ. ஆதாரம் கேட்டார். அவர் வீட்டுக்குப் போன பிறகு பெட்டகத்தைக் கவிழ்த்துக் கால்கட்டையின் அடியில் விளக்கைப் பிடித்தாய்.

“இஞ்சை பார் மச்சான், சுத்தியல் அடையாளம். வெள்ளைக்காரன்ரை காலத்திலை தறிச்ச மரத்தின்ரை அடியிலை இப்பிடித்தான் அரசாங்க முத்திரை அடிப்பினம். இது இல்லாட்டி களவு மரம். அந்தச் சுத்தியல் எங்கடை ஊர் மரக்கிடங்கிலை கிடந்தது. இதே முடிச் சின்னம், இதே எழுத்து. என்ரை பூட்டன் இந்த மரங்களை மாடு பூட்டிக் கடற்கரைக்கு இழுத்தவர்.”

எத்தனை முதிரை, எத்தனை கருங்காலி அப்படி அடி வாங்கிக் கப்பலேறித் துரைமார் வீட்டு மேசையும் கட்டிலுமாகின. வெட்டியவன் பெயரும் இழுத்தவன் பெயரும் எதிலும் இல்லை. உன் கண் கலங்கியது. நாளைக்கு இதைக் காட்டினால் வேலை உனக்குத்தான் என்பது மட்டுமே என் நினைப்பு.

மறுநாள் எல்லோருக்கும் முந்தி வந்து அந்த அடையாளத்தை உரஞ்சி எடுத்தேன். மெழுகும் பூசினேன். நீ பத்திரோனைக் கூட்டிவந்து பெட்டகத்தைக் கவிழ்த்தபோது கட்டை மொழுமொழுவென்று இருந்தது. உனக்கு ஊர் ஞாபகம் கூடிவிட்டது என்று அவர் சிரித்தார்.

நீ கட்டையைத் தடவினாய். பிறகு என் கையைப் பார்த்தாய். மணிக்கட்டு சிவந்து தடித்திருந்தது. யாழ்ப்பாணத்தில் நான் இழைத்ததெல்லாம் வேம்பும் தேக்கும்தான். முதிரைத் தூள் சிலருக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டகத்தில் அன்றுவரை யாரும் உரஞ்சுதாள் வைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

மதியம் நீதான் லா சப்பலுக்குப் போய்த் தேங்காயெண்ணெய் வாங்கிவந்தாய்.

“இதைப் பூசு. முதிரை சில பேருக்கு ஒத்துக்கொள்ளாது. கழுவினாலும் உடனை போகாது.”

“ஓம்” என்றேன். அதைப் பற்றி நாம் பேசியது அவ்வளவுதான்.

வேலை எனக்குக் கிடைத்தது. நீ லா கூர்னெவ் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கப் போனாய். நான் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வராமல் இருக்கவுமில்லை. நீ நாலு பேருக்குச் சொல்லியிருந்தால் நானும் உன்னோடு சண்டை பிடித்து ஆறியிருப்பேன். உன் கைத்திறனைவிட அந்த மனதின் மேல்தான் எனக்குப் பொறாமை அதிகம்.

இன்று காலை பத்திரோன் மேசையைப் பார்த்து என்ன மரம் என்று கேட்டார். முதிரை என்றேன். எப்படித் தெரியும் என்றார். சட்டைக் கையை மேலே இழுத்து மணிக்கட்டைக் காட்டினேன். “உன்னைப்போல் மரம் தெரிந்தவன் பாரிஸில் இல்லை” என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

எண்ணெய்ப் போத்தல் முன்னால் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. அரிக்கட்டும், மச்சான்.