டூலியின் எடை

செப்டம்பர் 18, வியாழன்

குளியலறை எடைக்கருவி சமையலறைக்கு வந்து ஒரு வாரமாகிறது. இன்று தையல் இயந்திரத்தைத் தூக்கி வைத்தேன், இருபத்தாறு பவுண்டு. அம்மாவின் வார்ப்பிரும்பு வாணலி எட்டு. என் குளிர்காலக் கோட்டு ஆறு. அரிசோனாப் பாலைவனத்துக்குக் குடிபோகிறவளுக்குக் கோட்டு எதற்கு என்று என் கணவன் வெர்லின் சிரித்தான்.

முப்பதாம் தேதி, வீட்டை வாங்கியவர்களிடம் சாவியைக் கொடுத்தாக வேண்டும். பிறகு இருபத்திரண்டு அடி டிரெய்லர்தான் வீடு. அதை இழுக்கப்போவது எங்கள் நடுத்தரப் பிக்கப் வண்டி. பெரிய வண்டியாக மாற்றிக்கொள்ளலாம் என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "கணக்கு சரியா இருந்தா இந்த வண்டியே மலை ஏறும் மார்லிஸ்" என்றான். வண்டி, டிரெய்லர், நாங்கள், மூட்டைமுடிச்சு, எல்லாம் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று வண்டியின் கையேட்டில் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குத்தான் இப்போது வீட்டில் பூசை.

அவனும் சும்மா இல்லை. முப்பது வருடமாக ஆற்றுப்படுகைகளில் பொறுக்கிச் சேர்த்த கற்கள் ஷெட் நிறைய இருந்தன. எல்லாவற்றையும் மாவட்ட அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டான். ஷெட் காலியாகக் கிடப்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அவனே கற்களை விட்டுவிட்டான், நான் ஒரு தையல் இயந்திரத்தை விடமாட்டேனா? அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

லாரிகள் நிற்கும் இடத்தில் இருக்கும் எடை மேடைக்கு வெர்லின் டிரெய்லரை மாட்டிக்கொண்டு தனியாகப் போய்வந்தான். வரும்போதே முகம் சரியில்லை. சீட்டை மேசையில் வைத்து என் எடையையும் எங்கள் நாய் டூலியின் எடையையும் கூட்டிக் காட்டினான். நூற்று நாற்பது பவுண்டு அதிகம்.

வாணலி, புத்தகங்கள், மடக்கு நாற்காலிகள், என் கோட்டு என்று மதியம் முழுக்க இறக்கினேன். அப்படியும் நூறுக்கு மேல் நிற்கிறது.

"இன்னும் என்னத்தடா இறக்குறது?" என்றேன்.

அவன் அடுப்பருகே நீட்டிப் படுத்திருந்த டூலியைப் பார்த்தான்.

"வேண்டாம் வெர்லின்."

"நான் சொல்லல, கணக்கு சொல்லுது. மலை இறக்கத்துல பிரேக் பிடிக்கலன்னா மூணு பேருமே போய்ச் சேருவோம்."

செப்டம்பர் 23, செவ்வாய்

டூலி நூற்றுப்பன்னிரண்டு பவுண்டு. மூன்று முறை நிறுத்துப் பார்த்தேன். எடைக்கருவியில் ஏற்றியபோதெல்லாம் ஏதோ விளையாட்டு என்று வாலாட்டினான்.

செப்டம்பர் 26, வெள்ளி

டூலியை எல்டனிடம் விட்டுவிட்டு வந்தேன். மூன்று வீடு தள்ளி இருப்பவர், ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். "கவலப்படாதீங்க மார்லிஸ், ராசா மாதிரி பாத்துக்கறேன்" என்றார். கிண்ணம், போர்வை, காது மருந்து எல்லாம் கொடுத்தேன். டூலி வாசல்வரை என்னோடு வந்தான். நான் கிளம்பினால் அவனையும் கூட்டிப்போவேன் என்பது அவன் எண்ணம். ஒன்பது வருட எண்ணம்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி. கொலராடோ

கிளம்பி மூன்று நாள். டென்வர் தாண்டியதிலிருந்து டிரெய்லர் ஆடுகிறது. லாரி கடக்கும்போதெல்லாம் பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டித் திரும்புகிறது. காற்று என்கிறான் வெர்லின். மரத்தில் ஓர் இலை அசையவில்லை.

அக்டோபர் 4, சனி. ராட்டன், நியூ மெக்சிகோ

இன்று செத்திருப்போம்.

கணவாயில் ஏறும்போது வெறும் சூடுதான். இறக்கத்தில்தான் டிரெய்லர் பேயாடியது. கண்ணாடியில் பார்த்தேன், எங்கள் வீடு இடப்பக்கத் தடத்தில் இருந்தது, வண்டி வலப்பக்கத்தில். வெர்லின் "மாதாவே மாதாவே" என்றான், அவன் தேவாலயத்துக்குப் போய் இருபது வருடம். டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாக அழுத்து என்று நான்தான் கத்தினேன். எப்படியோ நின்றது.

இரவு தங்க நிறுத்திய டிரெய்லர் முகாமில் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து இடத்து பெர்னிஸ் வந்து நின்றாள். இருபது வருடமாக டிரெய்லர் இழுப்பவள், இந்த முகாமைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

"வழியில டிரெய்லர் வாலாட்டுச்சா?" என்றாள்.

"உயிர் போய் வந்துச்சு" என்றேன்.

"ஆட்டாம என்ன பண்ணும்? மூக்கு தூக்கிக்கிட்டு நிக்குது, பின்னாடி குந்தியிருக்கு. பின்பக்கம் அப்படி என்னத்த அடைச்சு வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றான் வெர்லின். சட்டென்று சொன்னான்.

பின்பக்கப் பெட்டியை நான் திறந்ததே இல்லை. கழிவுநீர்க் குழாய் இருக்கிற இடம், நாற்றம், நீ தொடாதே, அது என் வேலை என்று முதல் நாளே சொல்லியிருந்தான். பொறுப்பான கணவன் என்று நினைத்துக்கொண்டேன். சாவியைக் கேட்டேன். தரவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து நானே எடுத்தேன்.

குழாய் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. மற்றபடி பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கூடைகள். ஒன்பது கூடை. செய்தித்தாளில் சுற்றிய கற்கள்.

பெர்னிஸ் ஒரு கூடையை அசைத்துப் பார்த்துவிட்டு, "அம்மாடி" என்று மட்டும் சொல்லி அவள் இடத்துக்குப் போனாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

அருங்காட்சியகம் கேட்கவும் இல்லை, இவன் கொடுக்கவும் இல்லை. ஜனவரியில் அரிசோனாவில் குவார்ட்சைட் என்ற ஊரில் கூடும் கல் சந்தையில் மேசை போட இடம் பிடித்து வைத்திருக்கிறான். அவன் எடை மேடைக்குப் போன அன்றே கூடைகள் உள்ளே இருந்திருக்கின்றன. நான் கோட்டையும் வாணலியையும் இறக்கிக்கொண்டிருந்தபோது சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று "இன்னும், இன்னும்" என்றானே. எப்படி நின்றான்? எப்படி முடிந்தது?

முன்னூற்றைம்பது பவுண்டாவது இருக்கும். இருபத்தேழு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் மாவு மூட்டை தூக்கியவள் நான், எனக்குக் கை சொல்லும். மூன்று டூலி.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டா நீ கல்ல இறக்குன்னு சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

"கல்லு போனா வராது மார்லிஸ். நாய் இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

முப்பத்தோரு வருடம் இந்த மனுஷன் பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கேன்.

அக்டோபர் 6, திங்கள்

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் குளிக்கப் போனான். டிரெய்லர் முட்டுக் கொடுத்து, தண்ணீரும் மின்சாரமும் இணைத்து நிற்கிறது. அவனுக்கு ஒரு குறையும் வராது. பிக்கப் என் பெயரிலும் இருக்கிறது. "டூலியைப் பார்க்கப் போகிறேன்" என்று எழுதி அடுப்பின்மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இழுக்க ஒன்றுமில்லாதபோது இந்த வண்டி எவ்வளவு நன்றாகப் போகிறது.

அக்டோபர் 7, செவ்வாய். நார்த் பிளாட்

எங்கள் பழைய தெருவுக்கு வந்து சேர்ந்தபோது எல்டன் வேலியருகே நின்றிருந்தார். டூலி ஓடிவந்த வேகத்தில் நான் புல்லில் விழுந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

எல்டனிடம் எல்லாம் சொன்னேன். கடைசி நேரத்தில் இப்படி ஒரு பாரத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் விழித்தார்.

"கடைசி நேரமா? வெர்லின் ஜூலையிலயே கேட்டுட்டாரே. உங்களுக்குத் தெரிஞ்சுதான்னு நெனச்சேன்."

ஜூலை. டிரெய்லர் வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. எடை மேடை, சீட்டு, கூட்டல், எல்லாம் எனக்காகப் போட்ட நாடகம்.

அக்டோபர் 12, ஞாயிறு. அக்கா வீடு

வெர்லின் போன் செய்தான். முகாமை மாதக் கடைசியில் மூடுகிறார்களாம், தண்ணீரை நிறுத்திவிடுவார்களாம். "வண்டி இல்லாம நான் எப்படி இங்கேருந்து நகர்றது?"

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கூடைகளை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடு. நானும் டூலியும் வந்து டிரெய்லரை வண்டியில் மாட்டிக்கொள்கிறோம், மூன்று பேருமாகப் போகலாம். பழசைப் பற்றி வாயைத் திறக்கமாட்டேன். இதைச் சொல்லும்போது என் குரல் கெஞ்சியது, எனக்கே கேட்டது. வெட்கமாக இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

"யோசிக்கறேன்" என்றான்.

அக்டோபர் 19

போன் இல்லை.

அக்டோபர் 26

இல்லை. ராட்டனில் பனி என்று செய்தியில் சொன்னார்கள். அவன் போர்வை மேல்தட்டில் இருக்கிறது, தேடத் தெரியுமோ என்னவோ. எனக்கென்ன வந்தது?

நவம்பர் 1, சனி

காலையில் பெர்னிஸ் கூப்பிட்டாள். நேற்று யாரோ ஒருவர் பெரிய வண்டி கொண்டுவந்து எங்கள் டிரெய்லரை மாட்டித் தெற்கே இழுத்துப் போனாராம். வெர்லின் முன்சீட்டில் ஏறிக்கொண்டானாம்.

"கிளம்பறதுக்கு முன்னாடி கூடைய எல்லாம் நடுவுல மாத்தி வச்சாரு. நான்தான் எங்க வைக்கணும்னு காட்டினேன்" என்றாள். அவள் குரலில் சங்கடம் இருந்தது.

"எத்தன கூடை?"

"ஒம்பது."

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா செய்தித்தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாடகைக்கு அறை விடுகிற பக்கத்தில், பெரிய நாய்க்கு ஆட்சேபம் இல்லை என்று இருந்த இரண்டைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். ஒன்றைப் பார்க்க மூன்று மணிக்குப் போகிறோம்.