நிமிர்த்தச் சொன்ன ரோஜா

கராஜிலிருந்து ஆயில் பெயின்ட் வாடை போகவே மாட்டேன் என்கிறது. கதவைத் திறந்து வைத்தும் பார்த்துவிட்டேன். சோறு பிசைந்தால் விரலிலும் அதே வாடை. நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

போன வாரம் உன் கணவர் மெல்பர்னின் அந்தக் கோடி வெரிபீயிலிருந்து இந்தக் கோடி கிளென் வேவர்லி வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பின் சீட்டில், போர்வை சுற்றியபடி, நீ கடைசியாக வரைந்த படம்: ஜாடி நிறைய ரோஜா, ஓரத்தில் ஒன்று மட்டும் தலை சாய்ந்து.

"திவசத்துக்கு ஆக்கள் வருவினம். அவான்ர போட்டோவுக்குப் பக்கத்தில இதைக் கொழுவப் போறன். அந்த ஒரு பூவை மட்டும் நிமிர்த்தி விடுங்கோ, தங்கச்சி."

காரணத்தையும் அவரே சொன்னார்: "கடைசி மாசங்களில அவா இப்பிடித்தான் தலையைச் சரிச்சுக்கொண்டு இருந்தவா. எனக்குப் பார்க்க ஏலாமக் கிடக்கு."

சனிக்கிழமை ஓவிய வகுப்பில்தானே நாம் பழகினோம். அங்கே கிடந்த பழைய புத்தகத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பெயின் ஓவியர் ஒருவர் வரைந்த பூக்கள். அவர் பெயரை ஆளுக்கொரு விதமாய் வாசித்துப் பார்த்து, கடைசியில் 'நம்ம ஸ்பெயின்காரர்' என்றே வைத்துக்கொண்டோம். நான் நிமிர்ந்த பூக்களாகப் பொறுக்கி வரைவேன். மதுரைக்காரி எனக்கு மாலையில் கட்டுகிற பூதான் பூ. நீயோ அவர் ஜாடி ஓரத்தில் சாயவிட்ட ஒற்றை ரோஜாவையே பார்த்துக்கொண்டிருப்பாய். "இதைத்தான் அந்தாள் ஆசைப்பட்டுக் கீறியிருக்கு" என்பாய். வரைவது உனக்குக் கீறுவது.

அதைப்போல வரையவே ரோஜா வாங்கி, வாடட்டும் என்று உங்கள் சமையலறை ஜன்னலில் வைத்தாய். ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாடின பூ வீட்டுக்கு ஆகாது என்று உன் கணவர் அதைத் தோட்டக் குப்பை போடும் பச்சைத் தொட்டியில் போட்டுவிட்டார். சிகிச்சையில் முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நீ போய் அதைக் கிண்டி எடுத்தாய். எனக்கு போன் போட்டுச் சிரித்தாய்: "வாடினதை எறியிறதெண்டா முதல் என்னையல்லோ எறியோணும்!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நின்ற அவருக்கும் அது கேட்டிருக்கும்.

இந்த வாரம் முழுக்கப் படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிரஷை எடுப்பதும் கழுவுவதுமாய்ப் போனது பொழுது. தொட்டால் உனக்குத் துரோகம். தொடாவிட்டால் அந்த மனிதர் தினமும் அந்தச் சரிந்த தலைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உன் மேல் கோபம்கூட வந்தது. நீ பாட்டுக்கு வரைந்துவிட்டுப் போய்விட்டாய், மாட்டிக்கொண்டு முழிப்பது நாங்கள்.

நேற்று நிமிர்த்திவிட்டேன். திட்டுவாய், தெரியும். திட்டிக்கொள்.

இன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இப்ப வடிவா இருக்கு" என்றார். தேத்தண்ணி போட உள்ளே போனவர் பாதியில் திரும்பினார்.

"தங்கச்சி, அவா கீறினது கீழ இருக்குத்தானே? அழிக்கேல்லைத்தானே?"

"அழிக்கல அண்ணா. அடியில அப்படியே இருக்கு."

"அது போதும்" என்றார்.

அவருக்குப் போதும். எனக்குத்தான் போதவில்லை. வீடு வரும் வரைக்கும் காரில் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். அடியில் சாய்ந்தபடியே இருந்துகொண்டு நீ இப்படி ஒன்றும் பேசாமலே ஜெயிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.