தவிட்டுச் சாக்கு

அக்தோபே, மார்ச் 4

அன்பு மச்சினி உல்ஜானுக்கு,

அத்தான் சாபித் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஊரில் மச்சினிகள் அத்தானிடம் சால்வை கேட்பார்கள். ஆய்வுக்கூடத்துக்காரி நீ பனிவரகுத் தவிடு கேட்கிறாய்! மாட்டுத் தீனியை அப்படியே அனுப்பினால் நான் வேலை பார்க்கும் ஆலையில் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா? அதனால் உன் அக்கா ரௌஷன் வெண்ணெய் விட்டுப் பொன்னிறமாக வறுத்துத் தந்தாள். சாக்கு ரயிலில் வருகிறது.

சாபித்

அல்மாத்தி, மார்ச் 11

அன்பு அத்தானுக்கு,

வாசனைக்கு ஆய்வுக்கூடமே கூடி, பாதிச் சாக்கைத் தேநீரோடு தின்றுவிட்டது. மீதி எனக்கு உதவாது. தவிட்டிலுள்ள நல்ல சத்தை, விஷக் கரைப்பான் இல்லாமல், வெந்நீரும் ஒலி அதிர்வும் மட்டும் வைத்துப் பிரிக்கப் பார்க்கிறேன். வெண்ணெய்தான் மிதக்கிறது. 28-ஆம் தேதி ஆய்வுக்கூடத் தலைவர் முன்னால் செய்து காட்ட வேண்டும். தோற்றால் பழையபடி கரைப்பான்தான். பச்சைத் தவிடு அனுப்புங்கள். அக்காவை அடுப்புப் பக்கமே விடாதீர்கள்!

உல்ஜான்

அக்தோபே, மார்ச் 17

மச்சினி,

பச்சைத் தவிடு வருகிறது. "என் வறுவல்ல என்ன குறையாம்?" என்று உன் அக்கா இரண்டு நாளாய் முறைக்கிறாள். சூப்பில் உப்பே இல்லை. மாட்டிக்கொண்டது நான். ஒன்று மட்டும் சொல்லிவிட்டேன்: நம் வழக்கப்படி சாக்கு வெறுமையாகத் திரும்பி வரக் கூடாது. வந்தால் உறவு ரத்து.

சாபித்

அல்மாத்தி, ஏப்ரல் 2

அத்தான்,

சத்து இறங்கிவிட்டது! கரைப்பானில் வருவதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனாலும் தலைவர் தாடையைத் தடவினார். "சக்கையை என்னம்மா பண்றது? கரைப்பான் சக்கையை வைக்கவே இடமில்லாம அலையறோம்."

"எங்க அத்தான் வீட்டு மாடு தின்னும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"தின்னுச்சு, நல்லா இருக்குன்னு மருத்துவர் எழுதித் தரட்டும். கரைப்பானை அன்னைக்கே நிறுத்திடறேன்."

சாக்கு வெறுமையாக வரவில்லை. காயவைத்த சக்கை உள்ளே இருக்கிறது. இரண்டு வருட உழைப்பு இப்போது உங்கள் மாட்டின் வாயில்.

உல்ஜான்

அக்தோபே, ஏப்ரல் 19

மச்சினி,

முதல் நாள் நம் மாடு தார்கில் முகர்ந்துவிட்டு, உன்னைப் போலவே மூக்கைத் திருப்பிக்கொண்டாள். உன் அக்கா ஒரு பிடி உப்புத் தூவினாள். எனக்குப் போடாத உப்பு! அப்புறம் தார்கில் தொட்டியை நக்கித் தேய்த்துவிட்டாள். பத்து நாள் பார்த்த கால்நடை மருத்துவர், "பால்லயும் குறையில்ல, சாணத்துலயும் குறையில்ல" என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். தாள் இத்துடன். தாளின் ஒரு மூலை எங்கே என்று உன் தலைவர் கேட்டால், மாடு பல்லால் கையெழுத்துப் போட்டது என்று சொல்.

சாக்கையும் அனுப்புகிறேன். நான் மட்டும் வெறுமையாக அனுப்பலாமா? அடியில் கைவிட்டுப் பார். பச்சை நிறம், ஓரத்தில் பூவேலை. நீ கேட்காத சால்வை.

சாபித்